செத்த சட்டங்களும் சாகாத விதிகளும்

ஊரார் தந்தி என வழங்கிய தொலைவரி, 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களோடு இந்நாட்டில் மறைந்துபோயிற்று. ஆனால், அதன் பெயரால் வெள்ளையன் எழுதிவைத்த சட்டம் மறையவில்லை. 1885-ஆம் ஆண்டில், பேராயக் கட்சி தோன்றிய அதே ஆண்டில், நம் மறைமலையடிகள் ஒன்பது அகவைச் சிறுவராக இருந்த நாளில், கல்கத்தாவில் அமர்ந்திருந்த ஆட்சித் தலைவன் தன் கம்பிகளை எவன் நிலத்தின் வழியாகவும் இழுத்துச் செல்வதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு, இன்றும் தமிழ்நாட்டு உழவனின் வயல்வரப்பில் வந்து நின்று, 'விலகு' என்று கட்டளையிடுகின்றது. செத்தவன் கையெழுத்துக்கு உயிருள்ளவன் நிலம் பணியம் ஆகும் இக்கொடுமையைப் பற்றியே இத்திங்கள் பேசப் புகுகின்றோம்.

செய்தியைத் தெளிவாக உரைப்போம். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தொலைவரிச் சட்டத்தில் மூன்றாம் பகுதி என ஒன்றுண்டு. எந்த நிலத்தின் கீழும், மேலும், ஊடும் கம்பியும் கம்பமும் நிறுத்தும் உரிமையை அப்பகுதி அரசுக்குத் தருகின்றது. நில உரிமையாளனின் இசைவு வேண்டும் என்று அது கூறவில்லை. அவன் தடுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் ஆணை பெற்று உள்ளே புகலாம். இழப்பீடு போதாது எனக் கருதினால் மாவட்ட முறைமன்ற நடுவரிடம் செல்லலாம்; அவர் கூறும் முடிவே இறுதி முடிவு என்று அச்சட்டமே வாயிலைச் சாத்திவிடுகின்றது. நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதுமில்லை. 'பயன்படுத்தும் உரிமை' மட்டுமே தனக்கு வேண்டும் என்கின்றது. ஆதலின், நிலம் உழவன் பெயரிலேயே இருக்கும். அதன் மேல் கம்பி இருக்கும். வரியும் கடனும் அவனைச் சாரும். விலை மட்டும் வீழ்ந்துவிடும்!

ஒரு சிறு கம்பத்தையும் விரல் பருமன் கம்பியையும் கருதி எழுதப்பட்ட விதி இது. தொலைவரிக் கம்பத்தின் அடியில் ஆடு மேயும், அருகே ஏர் செல்லும், தென்னையும் வளரும். இன்று அவ்விதியின் துணையோடு நடப்படுவனவோ, பல்லாயிரம் வோல்ட்டு மின்னாற்றலைச் சுமக்கும் இரும்புக் கோபுரங்கள். அவற்றின் கால்கள் கவர்ந்துகொள்ளும் நிலம் ஒருபுறம் இருக்கட்டும். கம்பிகளுக்குக் கீழே ஓங்கி வளரும் மரம் வைத்தல் இயலாது. வீடு கட்டல் இயலாது. விற்கப் புகுந்தால் வாங்குவாரில்லை. ஆட்டுக்குட்டி நுழைவதற்கு வைத்த வழியில் யானையை ஓட்டுகின்றார்கள்!

இஃது எவ்வாறு நேர்ந்தது? 1910-ஆம் ஆண்டின் மின்னாற்றல் சட்டம், தொலைவரித் துறைக்கு இருந்த உரிமைகளை மின்துறையினர்க்கும் வழங்கலாம் என்று ஒரு பிரிவை வைத்தது. 2003-ஆம் ஆண்டு வந்த புதிய மின்னாற்றல் சட்டம் பழைய 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. ஆனால், அவ்விரவல் உரிமையைத் தன் 164-ஆம் பிரிவில் பத்திரமாகப் பொதிந்துகொண்டது. பின்னர், 2023-இல் நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் பல பிரிவுகள் 2024 சூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தன. 'வெள்ளையர் காலத்துச் சட்டத்தைத் தூக்கியெறிந்தோம்' என்று ஆட்சியாளர் மார்தட்டினர். அச்சட்டத்தின் 60-ஆம் பிரிவை எடுத்துப் படிப்பார்க்கே உண்மை விளங்கும். முதல் உட்பிரிவு, 1885-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படுகின்றது என்று கூறும். இரண்டாம் உட்பிரிவோ, அவ்வாறு நீக்கினும், அதன் மூன்றாம் பகுதி, மின்னாற்றல் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி இழுக்கப்படும் மின்தொடர்களுக்குத் தொடர்ந்து செல்லும் என்று கூறும். தலையை வெட்டிவிட்டு, உழவனைப் பிடித்திருந்த கையை மட்டும் வெட்டாமல் விட்ட திறம் இது!

2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறு வழியே இல்லையோ என வினவலாம். உண்டு. அதன் 67-ஆம் பிரிவும், அப்பிரிவின்படி நடுவணரசு 2006-இல் வகுத்த விதிகளும், பிறர் நிலத்தில் பணி செய்ய முற்படுவார் உரிமையாளரின் முன்னிசைவைப் பெறல் வேண்டும் என்கின்றன. அவர் மறுத்தால் மாவட்ட ஆட்சியர் இருபுறமும் கேட்டு எழுத்து வாயிலாக ஆணையிடல் வேண்டும் என்கின்றன. ஆக, ஒரே வீட்டிற்கு இரண்டு வாயில்கள். ஒன்றில், கதவைத் தட்டி 'வரலாமா?' என்று கேட்டு நுழைதல் வேண்டும். மற்றொன்றில், 1885-ஆம் ஆண்டுத் திறவுகோலைக் காட்டினாற் போதும். பெரிய மின்தொடர் அமைப்பார் எந்த வாயிலை விரும்புவர் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

இதன் விளைவைக் கொங்குநாடு நன்கறியும். சத்தீசுகர் மாநிலத்து இராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் 8 நூறாயிரம் வோல்ட்டு மின்தொடர் வந்த காலத்து, 2018 திசம்பரில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் முதலிய மாவட்டத்து உழவர்கள் வயலைவிட்டு வீதிக்கு வந்து போராடினர். அவர்கள் கேட்டவை இரண்டு: சாலையோரமாகப் புதைவடமாகக் கொண்டு செல்லுங்கள், அன்றேல் உரிய இழப்பீடு தாருங்கள் என்பன. எங்கள் நிலத்தைப் பற்றி எங்களைக் கேளாமல் முடிவு செய்யாதீர் என்பதே அவ்விரண்டின் உட்பொருள். மின்னாற்றலே வேண்டா என்று அவர்களுள் ஒருவரும் கூறவில்லை.

இழப்பீடு பற்றி நடுவணரசு வாளா இருந்துவிடவில்லை என்பதையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். 2015-இல் அது விடுத்த வழிகாட்டுக் குறிப்பு, கோபுரத்தின் அடிநிலத்திற்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பிகளுக்குக் கீழுள்ள நிலத்திற்கு 15 விழுக்காடு வரையும் தரலாம் என்றது. 2024 சூனில் வந்த குறிப்பு, அதனை முறையே 200 விழுக்காடாகவும் 30 விழுக்காடாகவும் உயர்த்தியது. வரவேற்கின்றோம். எனினும், குறிப்பு வேறு, சட்டம் வேறு. குறிப்பை மாநில அரசு ஏற்றால்தான் உண்டு. நாளை மற்றொரு குறிப்பால் மாற்றப்படலாம். உழவனைத் தள்ளும் கை சட்டத்தில் இருக்க, அவனைத் தாங்கும் கை குறிப்பில் மட்டும் இருத்தல் முறையாகுமா? பறிப்பதற்குச் சட்டமும் கொடுப்பதற்குக் குறிப்புமாக அமைந்த ஏற்பாட்டை, இரண்டிற்கும் சட்டம் என்று மாற்றுதலே முறைமை.

இங்குத் தமிழ்நாட்டின் உரிமையும் அடங்கியுள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் பட்டியலில் தொலைவரி ஒன்றியத்தின் பங்கு; நிலம் மாநிலத்தின் பங்கு; மின்னாற்றல் இருவர்க்கும் பொது. பொதுப் பங்கிலுள்ள மின்னாற்றலுக்காக, ஒன்றியத்தின் பங்கிலுள்ள தொலைவரியின் சட்டத்தை இரவல் வாங்கி, மாநிலத்தின் பங்கிலுள்ள நிலத்தின்மேல் செலுத்துகின்றார்கள். இல்லாத தொலைவரிக்கு இருக்கும் நிலம் அடிமையாகின்றது.

பெரிய காஞ்சிபுரத்தில் அமர்ந்து இதனை எழுதும் யாம், மின்னாற்றலின் அருமையை அறியாதவர் அல்லேம். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் குழித்தறியில் காலை இறக்கிப் பட்டு நெய்யும் கைத்தொழிலாளிக்கு விளக்கொளி என்பது பொழுதுபோக்கன்று, பிழைப்பு. சரிகை இழையும் பட்டிழையும் கூடும் இடத்தைக் கண் பிரித்தறியாவிடில் சேலை பாழ். மழைநாளில் தறிக்குழியில் நீர் ஊறும்போதும், மாலை இருளும்போதும் அவ்விளக்கே அவன் கூலியைக் காக்கின்றது. 1957 சூலை 1-இல் தோன்றிய மின்வாரியம் நம் சிற்றூர்தோறும் கம்பி கொண்டு சென்றதனால் விளைந்த நன்மையை மறுப்பார் யார்? ஆகவே, மின்தொடர் வேண்டா என்பது நம் கருத்தன்று. நெசவாளி வீட்டு விளக்கு எரிவதற்காக உழவன் வீட்டு அடுப்பு அணைதல் வேண்டா என்பதே நம் கருத்து.

இனி, நம் சொந்த வீட்டையும் நோக்குவோம். பிறரைக் குறைகூறுவதோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. காஞ்சிபுரம் நகராட்சியின் குடிநீரையும் கழிவுநீரையும் தெருவிளக்கையும் ஆண்டுவந்தது, 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். மாட்டுவண்டிக்கு ஒரு வரியும், விலங்குக்கு ஒரு வரியும் வகுத்த காலத்துச் சட்டம் அது. 1969-இல் நம் மாநிலம் அண்ணாவின் முயற்சியால் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றபோது, சட்டங்களின் தலைப்பிலிருந்த 'மெட்ராசு' நீங்கித் 'தமிழ்நாடு' அமர்ந்தது. பெருமகிழ்ச்சி! ஆனால், பெயர்ப்பலகை மாறிய அளவிற்கு வீட்டின் உட்புறம் மாறவில்லை. புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 1998-இல் எழுதப்பட்டது. பின்னர் 2000-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2023 ஏப்பிரல் 13 அன்றே உயிர்பெற்றது. எழுதியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே ஏறத்தாழக் கால் நூற்றாண்டு! காஞ்சி 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த பின்னரே புதிய சட்டம் வந்து சேர்ந்தது. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, வாக்குரிமை பெறும் காலமளவும் சட்டம் பெட்டியுள் உறங்கிற்று. ஆண்டவை ஒரு கட்சி ஆட்சிமட்டும் அன்று; ஆதலின் குற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஆளுக்குக் குறைவில்லை.

இதே காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூர் இருக்கின்றது. அங்குள்ள கல்வெட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். முதற் பராந்தகன் காலத்தில், 919-ஆம் ஆண்டில், ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரியும் முறையை அவ்வூர் அவை கல்லில் பொறித்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என அவை பிரிந்திருந்தன. இன்று நாம் மின்வாரியம் என்றும் குடிநீர் வாரியம் என்றும் வழங்கும் சொல் அங்கு நின்ற சொல்லே. இரண்டே ஆண்டுகள் கழித்து, 921-இல், அதே அவை தன் விதியைத் திருத்தி மீண்டும் பொறித்தது. முன்னர் 30 முதல் 60 வரை என்றிருந்த அகவை எல்லை, 35 முதல் 70 வரை என மாறிற்று. கணக்குக் காட்டாது சென்றவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியம் ஏறுதல் ஆகாது என்றும் வரைந்தனர். அவ்வவை எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை. நிலமும் மறைக்கல்வியும் உடைய பார்ப்பனரே அதில் இடம் பெற்றனர். அக்குறையை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் நமக்கு அழகன்று. எனினும், ஓர் உண்மை அங்கே இருக்கின்றது. தம் விதியில் குறை கண்டவர்கள் இரண்டாண்டில் அதைத் திருத்தினார்கள். திருத்தியதை ஊர்ப் பொதுவிடத்துச் சுவரில், கண்ணுள்ளார் காணுமாறு வெட்டிவைத்தார்கள். கல்லில் வெட்டியவர்களுக்கு இரண்டாண்டு போதியதாய் இருந்தது. தாளில் எழுதும் நமக்கு நூறாண்டும் போதவில்லை!

சுவரில் வெட்டினார்கள் என்றோமே, அதில்தான் மொழியின் செய்தியும் அடங்கியுள்ளது. இன்று ஓர் உழவனிடமோ நெசவாளியிடமோ மின்னாற்றல் சட்டத்தின் 164-ஆம் பிரிவைக் காட்டினால், அவன் அதைப் படித்தறிய இயலுமா? 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்தோம். ஆயினும், அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, நாடாளுமன்றம் வேறு ஏற்பாடு செய்யும் வரை, சட்டங்களின் சான்றுடைய பாடம் ஆங்கிலமாகவே இருக்கும் என்கின்றது. சட்டமன்றம் தமிழில் சட்டம் இயற்றினாலும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பு அரசிதழில் வெளிவருதல் வேண்டும். வழக்காடும் இடத்தில் அதுவே முன்னிற்கும். ஒன்றியச் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் சான்றுடைய பாடம் வெளியிட 1973-இல் ஒரு சட்டமும் வந்தது. அது வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தன. இன்னும் தன் நிலத்தின்மேல் என்ன உரிமை எவனுக்கு உண்டு என்பதை வழக்கறிஞர் வாயால் கேட்டறியும் நிலையிலேயே தமிழன் வாழ்கின்றான்.

காலங்கடந்த விதி நெடுங்காலம் வாழ்வதற்கு இதுவே பெருங்காரணம் என்போம். தனக்குப் புரியாத களையை எவன் பிடுங்குவான்? சட்டம் மக்கள் மொழியில் இருந்திருக்குமாயின், தொலைவரிச் சட்டத்தைக் கொண்டு மின்கோபுரம் நடுகின்றார்கள் என்பதைச் சிற்றூர்த் திண்ணைகள் என்றோ பேசி நகைத்திருக்கும். நகைப்பு வளர்ந்து எதிர்ப்பாகியிருக்கும். எதிர்ப்பு சட்டமன்றத்தை எட்டியிருக்கும். மொழியுரிமை என்பது மேடைப் பேச்சுக்கும் பாவலர் பாட்டுக்கும் மட்டும் உரியதன்று. அது நில உரிமை, நீருரிமை, விளக்குரிமை.

இவ்விடத்தில் அன்பர்க்கு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். 'பழைய சட்டங்களை நீக்குகின்றோம்' என்னும் முழக்கம் அனைத்தும் நம் முழக்கம் ஆகிவிடாது. 2014-க்குப் பின் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சட்டங்களை நீக்கியதாக நடுவணரசு எண்ணிக்கை காட்டுகின்றது. 2016-இல் ஒரே சட்டத்தால் 758 சட்டங்கள் நீக்கப்பட்டன. அவை அனைத்தும் பழைய ஆண்டுகளின் செலவு ஒதுக்கீட்டுச் சட்டங்கள். அவ்வவ் ஆண்டு முடிந்தபோதே வேலை முடிந்தவை. உதிர்ந்த சருகைப் பெருக்கியதைக் களையெடுப்பாகக் கணக்குக் காட்டுகின்றார்கள். வேர்விட்டு நின்று உழவனை உறிஞ்சும் மூன்றாம் பகுதியோ அப்படியே நிற்கின்றது.

மற்றொரு தீமையும் உண்டு. களை என்று சொல்லிப் பயிரைப் பிடுங்குவாரும் இருக்கின்றார்கள். 1948-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டத்தின்மேல் எழுந்ததே மாநில மின்வாரியம். அச்சட்டம் காலங்கடந்தது என்று 2003-இல் நீக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2010 நவம்பர் 1-இல் நம் மின்வாரியமும் நிறுவனங்களாகப் பிரிந்தது. அதே 2003-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு சாரார் கட்டணத்தால் மற்றொரு சாரார் சுமையைக் குறைக்கும் முறையை முற்றும் ஒழித்தல் வேண்டும் என்றும் முதலில் எழுதிற்று. எதிர்ப்பு வலுக்கவே, 2007-இல் 'ஒழித்தல்' என்னும் சொல்லை நீக்கிக் 'குறைத்தல்' என்னும் சொல்லை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒரு சொல்தான்! அச்சொல் நீங்காதிருந்தால் எளியவர் மின்கட்டணம் எங்குச் சென்று நின்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்மின். 2023-இல் தமிழ்நாட்டரசு கைத்தறி நெசவாளர்க்கு இரு திங்களுக்கு 200 அலகாக இருந்த கட்டணமில்லா மின்னாற்றலை 300 அலகாக உயர்த்தியது. அதற்கான பணத்தை மாநில அரசு மின்நிறுவனத்திற்கு முன்னதாகவே கட்டுதல் வேண்டும் என்பது சட்டத்தின் 65-ஆம் பிரிவு. நாளை ஒருவன், 'நெசவாளிக்கு நல்கை என்பதும் காலங்கடந்த ஏற்பாடு' என்று கூறி வருவானாயின், அவனையும் சட்டத் துப்புரவாளன் என்று நாம் வாழ்த்தி வரவேற்பதோ?

ஆகவே, ஒரு விதி பழையதா புதியதா என்பது நம் அளவுகோல் அன்று. அவ்விதி யாரைத் தாங்குகின்றது, யாரைத் தாழ்த்துகின்றது என்பதே அளவுகோல். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய விதியும் எளியானைக் காக்குமானால் இருக்கட்டும். நேற்று எழுதிய விதியும் அவனை நசுக்குமானால் இன்றே நீங்கட்டும்.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு தமிழ்நாட்டரசை நோக்கிச் சிலவற்றை வற்புறுத்துகின்றோம். முதலாவது, தொலைத்தொடர்புச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவையும் மின்னாற்றல் சட்டத்தின் 164-ஆம் பிரிவையும் நீக்குமாறு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி நடுவணரசுக்கு விடுத்தல் வேண்டும். இரண்டாவது, அதுவரையில் காத்திராமல், 67-ஆம் பிரிவு மாநில அரசுக்குத் தந்துள்ள விதி வகுக்கும் உரிமையைப் பயன்கொண்டு, முன்னிசைவும், ஊரறியக் கேட்பும், சந்தை மதிப்பில் இழப்பீடும், ஆண்டுதோறும் வாடகையும் உறுதிசெய்யும் விதிகளைத் தானே வகுத்தல் வேண்டும். மாநில மின்தொடர்களுக்கேனும் 1885-ஆம் ஆண்டுத் திறவுகோலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தல் வேண்டும். மூன்றாவது, மின்னாற்றல், குடிநீர், கழிவுநீர் ஆகியவை பற்றிய சட்டமும் விதியும் ஒவ்வொன்றும் நல்ல தமிழில் சான்றுடைய பாடமாக வெளிவருதல் வேண்டும். மின்வாரிய அலுவலகத்திலும் மாநகராட்சி வாயிலிலும் குடிமகன் அதனைக் கேட்டுப் பெறுமாறு இருத்தல் வேண்டும். நான்காவது, பத்தாண்டுக்கு ஒருமுறை இச்சட்டங்களை உழவரும் நெசவாளரும் மின்தொழிலாளரும் இருக்கும் குழு ஒன்று பிரிவு பிரிவாக ஆய்ந்து, நீங்க வேண்டியவற்றையும் நிலைக்க வேண்டியவற்றையும் சட்டமன்றத்தின் முன் வைத்தல் வேண்டும்.

'மின்தொடர் தாமதமாகும், செலவு ஏறும்' என்பர் சிலர். ஏறட்டும். அச்செலவு இன்றும் இருக்கின்றது. ஆனால், அது கணக்கேட்டில் ஏறாமல் உழவன் தலையில் ஏறியிருக்கின்றது. நாடு முழுதும் துய்க்கும் ஒளிக்கு உரிய விலையை நாடு முழுதும் பகிர்ந்துகொள்ளுதலே அறம்.

தமிழ் நெஞ்சங்களே! அரசு செய்யும் என்று நாம் வாளா இருத்தலும் ஆகாது. உங்கள் ஊரில் கோபுரம் நட வருவார் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி வருகின்றார் என்று எழுத்தில் கேளுங்கள். அதனைத் தமிழில் தருமாறு கேளுங்கள். 164-ஆ, 67-ஆ என்று வினவுங்கள். அவ்வொரு வினாவுக்கு விடை கூறப் புகும்போதே, 1885-ஆம் ஆண்டின் பேய் பகல் வெளிச்சத்தில் நின்றாக வேண்டும். இருளில் அஞ்சத்தக்கதாய்த் தோன்றும் பேய், பகலில் வெறும் கந்தல் துணி என்பது தெரிந்துவிடும். அக்கந்தலைக் கழற்றி எறிதற்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் நெஞ்சுரம் பிறக்கும்.